தங்கசாலையிலிருந்து தொடங்குவோம்: கிரேடு பெற்ற பழைய வெள்ளி, தங்கக் காசுகள் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தன வீட்டில், ஆயுதபூஜைக்கு முந்தைய நாள் பித்தளையும் செம்பும் வெள்ளியும் முற்றத்துக்கு வந்துவிடும். எனக்குப் பதினாறு வயதானபோது, அந்தக் குவியலோடு தாத்தாவின் மூக்குப்பொடி டப்பாவும் வந்தது. உள்ளே விக்டோரியா தலை போட்ட ஒன்பது வெள்ளி ரூபாய்கள். கறுத்திருந்தன, ஓரங்களில் மட்டும் நீலமும் பழுப்புமாக ஒரு மினுமினுப்பு. நான்தான் உட்கார்ந்து தேய்த்தேன். முதலில் புளி, பிறகு விபூதி. அரை மணி நேரத்தில் ஒன்பதும் புது எவர்சில்வர் கிண்ணம்போல் ஆகிவிட்டன. அம்மாவுக்குப் பெருமை.

சில ஆண்டுகள் கழித்து, தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் பழங்காசு வாங்கும் பெரியவரிடம் அவற்றைக் கொண்டுபோனேன். அவர் லென்ஸைத் தொடவே இல்லை. தராசை இழுத்து வைத்துக்கொண்டு, "எடைக்குத்தான் போகும் தம்பி. யார் துலக்கியது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் படி: துலக்கும் கையைக் கட்டிப்போடுங்கள்

வெள்ளி என்றால் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் பழக்கிவிட்டார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. காசுக்கு அது நஞ்சு.

அச்சு ஓங்கி இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து பரவுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளைக் காசின் மேல் விட்டுச்செல்கிறது. புழங்காத காசை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் ஒளி விசிறிபோல் சுற்றி வருவது அந்த வரிகளால்தான். இதைக் காசின் தோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளியின் அமிலம் இந்தத் தோலை அரிக்கிறது. விபூதி அதைக் கீறுகிறது. அதன் பிறகும் காசு பளபளக்கும். ஆனால் ஒளி சுற்றாது, கண்ணாடிபோல் ஒரே இடத்தில் நிற்கும். பழகிய கண்ணுக்கு இரண்டு நொடி போதும், பிடித்துவிடும். போன தோலை எந்தப் பொற்கொல்லராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெள்ளியின் மேல் படியும் கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படலம். அது மெல்லியதாகவும் சீராகவும் இருந்தால் காசுக்குக் கேடு இல்லை. அந்த நீலத்துக்கும் பழுப்புக்கும் கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. நான் தேய்த்து வாய்க்காலில் விட்டது அதைத்தான்.

செய்யத்தக்கது ஒன்றே ஒன்று உண்டு. மலிவான பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் கிடந்த காசில் பச்சையாகப் பிசுபிசுப்பு ஏறியிருந்தால், சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். அது எண்ணெய்ப் பசையையும் பிளாஸ்டிக் கசிவையும் கரைக்கும்; உலோகத்தைத் தொடாது. நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் நிறமும் மணமும் கலந்திருக்கும். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டாமல், கண்ணாடிக் கிண்ணத்தில் செய்யுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்ப்பது என்ற வினைச்சொல்லையே மறந்துவிடுங்கள்.

காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். கீழே ஒரு துண்டு விரித்திருக்கட்டும். மொசைக் தரையில் ஒரு முறை விழுந்த காசு அதோடு சரி.

இரண்டாம் படி: எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்யுங்கள்

கையில் கிடைத்ததையெல்லாம் வாங்குபவர் சேகரிப்பாளர் இல்லை, காயலான் கடைக்காரர். ஒரு கோடு போட்டுக்கொண்டு அதன் மேல் நடக்க வேண்டும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஒரு ரூபாய் வெள்ளிக் காசுகளின் வகை வரிசை. 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்த எடைதான் ஒரு தோலா. நாட்டு மருந்துச் சீட்டுகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இதுவே. மூன்று ரூபாய் எடை ஒரு பலம்.

வரிசையில் ஒன்பது காசுகள். 1835 தேதியிட்ட நான்காம் வில்லியம். 1840 தேதியிட்ட விக்டோரியாவில் இரண்டு: தலையைச் சுற்றி எழுத்து இடைவிடாமல் ஓடுவது ஒன்று, பிரிந்து நிற்பது மற்றொன்று. கம்பெனி போய் அரசி வந்தபின் வெளியான 1862. டெல்லி தர்பாரில் பேரரசிப் பட்டம் அறிவிக்கப்பட்ட 1877 முதல் 1901 வரையிலான வகை. ஏழாம் எட்வர்டு, 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜின் 1911 தனி. 1912 முதல் 1922 வரை இன்னொன்று. கடைசியாக ஆறாம் ஜார்ஜ். என் தாத்தாவின் டப்பாவிலும் ஒன்பதுதான் இருந்தன. ஒன்பதும் ஒரே வகை.

இவற்றுக்குள் கதைகள் இருக்கின்றன. 1862 என்ற தேதி பத்தாண்டுக்கு மேல் மாறாமல் அப்படியே அடிக்கப்பட்டது. 1874இலிருந்துதான் அந்தந்த ஆண்டின் தேதி வரத் தொடங்கியது. அதனால் 1862 ரூபாயின் பின்பக்கத்திலுள்ள சிறு புள்ளிகளை எண்ணி எந்த ஆண்டு அடித்தது என்று கணிக்கும் ஒரு கூட்டமே இருக்கிறது. 1911இல் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்த யானை, குட்டைத் தும்பிக்கையோடு பன்றிபோல் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அச்சை மாற்றினார்கள். 'பன்றி ரூபாய்' என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரிந்துகொள்வார்கள்.

ஆறாம் ஜார்ஜில் கவனம் தேவை. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் வெள்ளி பாதிதான். 1940இலேயே விளிம்பின் நடுவே பள்ளம் வெட்டி, அதற்குள் வடிவம் போட்ட பாதுகாப்பு விளிம்பும் வந்தது. 1938, 1939 ரூபாய்கள் பழைய தரத்து வெள்ளி, பழைய வரி விளிம்பு. 1939 மிக அரிது; அதனால் பிற ஆண்டின் தேதியைச் சுரண்டி 1939 ஆக்குகிறார்கள். யாராவது 1939 நீட்டினால் முதலில் விளிம்பைப் பாருங்கள்; அது சரியாக இருந்தால் கடைசி எண்ணை லென்ஸில் பாருங்கள், 1938க்கும் விளிம்பு அதேதான்.

வட சென்னைக்காரருக்கு இன்னொரு கோடும் உண்டு: சென்னையிலேயே அடித்த காசுகள். தங்கசாலை என்ற பெயர் சும்மா வரவில்லை. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த கம்பெனியின் நாணயச்சாலை பிறகு இந்தத் தெருவின் வடகோடிக்கு வந்தது, 1869இல் மூடப்பட்டது. 1840, 1862 தேதியிட்ட ரூபாய்களில் ஒரு பகுதி சென்னையில் அடிக்கப்பட்டது. அதற்கும் முன்னால் இங்கே வராகன், பணம், காசு என்று தனிக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1807ஐ ஒட்டி வெளியான வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுபுறம் திருமால். தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. ஸ்பானிய டாலர்களின் மேலேயே அச்சை அடித்ததால், சில காசுகளில் பழைய முத்திரையின் நிழல் இன்னும் தெரியும். எனக்கு உலகத்திலேயே பிடித்த காசு அதுதான். ஆனால் முதல் ஆண்டில் அதைத் தேடிப் போகாதீர்கள், போலியும் விலையும் இரண்டுமே கடிக்கும்.

மூன்றாம் படி: கிரேடு என்றால் என்ன என்று கண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள்

கிரேடு என்பது காசு எந்த அளவுக்குத் தேயாமல், கெடாமல் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுப் பெரிய செப்புச் சென்ட் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். இன்று பெரிய கிரேடு நிறுவனங்களுக்கு அதுவே கோல். 60க்குக் கீழே உள்ளவை புழங்கியவை. 60 முதல் 70 வரை புழங்காதவை, அவற்றுக்கு முன்னால் எம்.எஸ். என்று போடுவார்கள். 50 முதல் 58 வரை ஏ.யூ., அதாவது உச்சிகளில் மட்டும் துளி தேய்மானம். 40, 45 எக்ஸ்.எஃப்., லேசான தேய்மானம். அதற்கும் கீழே 20 முதல் 35 வரை வி.எஃப்., நடுத்தரத் தேய்மானம்.

எண்ணை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. எந்த இடம் முதலில் தேயும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விக்டோரியாவுக்குக் காதுக்கு மேலான கூந்தலும் மார்பு உடையின் பூவேலையும். எட்வர்டுக்கு மகுடம் கிடையாது. வழுக்கைத் தலையில் காதையும் கிருதாவையும் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜுக்குப் புருவம், காது, அங்கியின் யானை. யானையின் காதுமடிப்பு தெரிந்தால் நல்ல காசு. யானை வெறும் மேடாக இருந்தால் அது நிறைய சந்தைக்குப் போய்வந்த காசு. பின்பக்கத்தில் ரூபாய்க்குச் சுற்றிலும் பூவேலை. நாம் 'பூவா, தலையா' என்று சுண்டுவதற்காகவே செய்ததுபோல் இருக்கும். அந்தப் பூக்களின் நடு மொட்டு மழுங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

சில காசுகளில் அச்சே பலவீனமாக விழுந்திருக்கும். மேடு மழுங்கியிருந்தும் அங்கே ஒளி சுற்றினால் அது அச்சின் குறை. ஒளி செத்துச் சாம்பல் நிறமாக இருந்தால் தேய்மானம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட எனக்கு ஓராண்டு ஆயிற்று. பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும் ஒற்றை மேசைவிளக்கும் போதும். டியூப் லைட்டின் கீழே எதுவும் தெரியாது.

என் சொந்தக் கருத்து ஒன்று: ஏ.யூ. 58 பெற்ற நல்ல காசு, எம்.எஸ். 60, 61 பெற்ற பல காசுகளைவிட அழகாக இருக்கும். முன்னதில் ஒரு துளி தேய்மானம். பின்னதில் பைக்குள் மோதிய காயங்கள் முகமெங்கும். விலையும் பெரும்பாலும் 58க்கே குறைவு. நான் வாங்குவது அதைத்தான்.

நான்காம் படி: ஸ்லாபைப் படியுங்கள், பிறகு மறந்துவிட்டுக் காசைப் பாருங்கள்

கிரேடு நிறுவனம் காசைப் பரிசோதித்து, எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக் பேழையில் வைத்து மூடிவிடுகிறது. அதுதான் ஸ்லாப். உலக அளவில் பெயர்பெற்றவை இரண்டு, இரண்டுமே அமெரிக்காவில் தொடங்கியவை: 1986இல் இயங்கத் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் வந்த என்.ஜி.சி. வேறு பெயர்களிலும் பேழைகள் வருகின்றன. அவற்றின் எண்ணுக்குச் சந்தையில் அதே மதிப்புக் கிடைக்காது என்பதால், அவற்றை ஸ்லாப் இல்லாத காசாகவே கருதி விலை பேசுங்கள்.

சீட்டில் ஆண்டு, நாணயச்சாலை, வகை, கிரேடு, சான்று எண் இருக்கும். சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் தட்டிப் பாருங்கள். படம் இருந்தால் கீறலுக்குக் கீறல், கறைக்குக் கறை ஒப்பிடுங்கள். போலி ஸ்லாப்கள் உண்டு. உண்மையான எண்ணைத் திருடி ஒட்டியவையும் உண்டு. எண் பொருந்தி, படம் பொருந்தாவிட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுக்குப் பதிலாக 'டீட்டெயில்ஸ்' என்று இருந்தால், காசு உண்மையானது, ஆனால் காயப்பட்டது என்று பொருள். காரணமும் எழுதியிருக்கும்: துலக்கியது, துளையிட்டது, வளையம் பற்றவைத்தது, கீறியது. நம் ஊர்க் காசுகளில் சராப்புக்காரர், அதாவது காசு மாற்றும் வணிகர், சோதித்துக் குத்திய முத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். டீட்டெயில்ஸ் காசு குற்றமில்லை. அரிய வகைக்கு அதுதான் சிலருக்குக் கைக்கு எட்டும் வழி. ஆனால் எண் பெற்ற காசின் விலையைக் கொடுத்து வாங்காதீர்கள்.

எந்தக் காசுக்கு ஸ்லாப் தேவை? கட்டணம், காப்பீடு, அனுப்பும் செலவு எல்லாம் மலிவுக் காசுக்கும் ஏறக்குறைய அதேதான். தேய்ந்த 1944 ரூபாயைக் கிரேடுக்கு அனுப்புவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. ஸ்லாப் போட்டே வந்ததை வாங்குவதுதான் தொடக்கத்தில் லாபம். எட்டாம் படியில் சொல்லப்போகும் சட்டக் காரணமும் இதற்கு உண்டு.

ஐந்தாம் படி: எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது

வாங்குவதற்கு முன் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் நாணயங்கள் காட்சிக்கு இருக்கின்றன. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. கண்ணாடிக்கு அப்பால் இருந்தாலும், உண்மையான தோல் எப்படி இருக்கும் என்று கண்ணில் பதியும்.

எங்கள் தலைமுறைக்குப் பழங்காசு என்றால் சென்ட்ரல் அருகே இருந்த மூர் மார்க்கெட்தான். 1985இல் அது எரிந்துபோனது. வியாபாரிகள் பக்கத்து வளாகத்துக்கும் பாரிமுனைக்கும் சௌகார்பேட்டைக்கும் சிதறினார்கள். இன்று என்.எஸ்.சி. போஸ் சாலையின் நகைக்கடைகளிலும் சந்துகளின் அடகுக்கடைகளிலும் வெள்ளி ரூபாய் கிடைக்கும். லட்சுமி பூஜைக்கு என்றே கேட்டு வாங்குவோர் உண்டு. அங்கே விலை எடைக்குத்தான். அதனால் துலக்காத காசு எப்போதாவது ஒன்று மலிவாகச் சிக்கும். ஆனால் பெரும்பாலானவை ஏற்கெனவே விபூதி கண்டவை. மரியாதையாகப் பேசி, கூட்டமில்லாத பிற்பகலில் போனால் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். காட்டிய பெட்டியில் ஒன்றாவது வாங்கிவிட்டு வருவது நல்ல பழக்கம். அடுத்த முறை நல்ல பெட்டி வெளியே வரும்.

ஸ்லாப் காசுக்கு அடகுக்கடை சரிவராது. உரிமம் பெற்ற நாணய ஏல நிறுவனங்கள், நகரில் நடக்கும் நாணயக் கண்காட்சிகள், நெடுநாள் வியாபாரிகள் என்ற மூன்றுதான் வழி. ஏலத்தில் சுத்தியல் விலைக்கு மேல் வாங்குவோர் கட்டணமும் வரியும் ஏறும். உங்கள் உச்ச வரம்பை அவற்றையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டினால் கையைக் கீழே வையுங்கள். பழைய ஏலங்களின் முடிவு விலைகளை அந்த நிறுவனங்களே வெளியிடுகின்றன. கடைக்காரர் சொல்லும் விலையைவிட அது நம்பகமானது.

தள்ளிப்போக வேண்டியவை சில. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்து, '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' என்று எழுதிய காசுகளைக் கம்பெனி ஒருநாளும் வெளியிடவில்லை. அரிசியை இழுக்கும் காசு என்று யாராவது காதில் ஓதினால், காவல் நிலையம் எந்தப் பக்கம் என்று யோசியுங்கள். பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகள் மோசடி என்று அந்த வங்கியே 2021இல் அறிவித்துவிட்டது.

ஆறாம் படி: வீட்டிலேயே சோதனை

ஸ்லாப் இல்லாத காசு வாங்கினால் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். தேவை: 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, ஒரு கண்ணாடித் தம்ளர் நீர், நூல், ஒரு வலுவான காந்தம்.

எடை முதலில். ரூபாய் 11.66 கிராம், தேய்ந்திருந்தால் சற்றுக் குறையும். கூடுதலாக இருந்தால் சந்தேகம். குறுக்களவு சுமார் 30.5 மில்லிமீட்டர்.

அடுத்தது நீர்ச் சோதனை. எனக்கு மிகவும் நம்பிக்கை உள்ளது இதுதான். நீர்த் தம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். காற்றுக்குமிழ் ஒட்டக்கூடாது. தராசு காட்டும் எண்தான் காசு ஒதுக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. பழைய தரத்து வெள்ளிக்கு விடை 10.3க்குப் பக்கத்தில் வரும்; அதாவது 11.66 கிராம் காசுக்குத் தராசு 1.13 காட்ட வேண்டும். பித்தளையோ ஜெர்மன் சில்வரோ என்றால் 1.35ஐ எட்டும். 1940 முதலான பாதி வெள்ளிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் அடர்த்தி குறைவு. முடிந்ததும் துணியில் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள்.

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. சாய்த்துப் பிடித்த காசின் மேல் காந்தத்தை வழுக்கவிட்டால் தயங்கித் தயங்கி இறங்கும். நடுவில் காகிதம் வைத்துச் செய்யுங்கள், கீறல் விழாது.

வார்ப்புப் போலியில் பரப்பில் சிறு பருக்கள் இருக்கும், எழுத்தின் ஓரம் சோப்புபோல் வழுவழுக்கும், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு ஓடும். பழைய வியாபாரிகள் காசைக் கல்லில் சுண்டி 'கணீர்' ஓசை கேட்பார்கள். ஓசை உண்மையைச் சொல்லும், விளிம்பு சிதைந்துபோகும். உரைகல்லும் அப்படித்தான். நகைக்கடையின் காரட் மீட்டர் காசைக் காயப்படுத்தாது, ஆனால் மேல்தோலின் தரத்தை மட்டுமே படிக்கும். முலாம் பூசியதைக் கண்டுபிடிக்க நீர்தான் வேண்டும்.

ஏழாம் படி: தங்கத்துக்குப் போகும்போது

'சவரன்' என்று நாம் தினமும் சொல்வது இங்கிலாந்தின் சாவரின் காசின் பெயர். 'பவுன்' அதன் மதிப்பான பவுண்டு. காசின் எடை 7.988 கிராம், 22 காரட். உள்ளே சுத்தத் தங்கம் 7.32 கிராம். எனவே செய்தித்தாளில் அன்றைய 22 காரட் சவரன் விலையைப் பார்த்தாலே ஒரு சாவரின் காசின் உலோக மதிப்பு ஏறக்குறையத் தெரிந்துவிடும். எல்லா ஊர்ச் சேகரிப்பாளருக்கும் இந்த வசதி இல்லை. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் கேளுங்கள்: ஆண்டா, நாணயச்சாலையா, கிரேடா?

பின்பக்கத்தில் புனித ஜார்ஜ் குதிரையில் ஏறி டிராகனைக் குத்தும் காட்சியை 1817இல் பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியர் வடித்தார். நம் கோட்டைக்குப் பெயர் தந்தவரும் அந்தப் புனித ஜார்ஜேதான். இந்தியாவுக்கு வந்தவற்றில் ஆஸ்திரேலியக் காசுகளும் நிறைய. சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி என்று சிறு எழுத்து இருக்கும்.

இந்தியச் சேகரிப்பாளர் கண்டுகொள்ள வேண்டிய ஆண்டு 1918. முதல் உலகப்போரில் கடல்வழி ஆபத்தானதால் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். அதில் 'ஐ' என்ற எழுத்து உண்டு, தேதி 1918 மட்டும். அதற்கான அச்சுகள் லண்டனிலிருந்து வந்துசேரும்வரை அதே எடையில் 15 ரூபாய்த் தங்கக் காசும் வெளியிட்டார்கள், ஏறத்தாழ 21 லட்சம். அப்போது ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்பதால் அந்த எண். முகத்தில் ரூபாய் என்று எழுதி, எடையில் சவரனாக இருக்கும் இந்தக் காசு, மோஹர் என்ற பெரிய தங்கக் காசைவிட விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. என் தேர்வு இதுவே.

தங்கத்தில் நம் வீடுகளின் தனிச் சிக்கல் காசுமாலை. பாட்டியின் மாலையில் உண்மையான சாவரின் இருக்கலாம். ஆனால் வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பு உருகியிருக்கும். கிரேடுக்குப் போனால் டீட்டெயில்ஸ்தான். மாலையைப் பிரிக்காதீர்கள். அது மாலையாகவே மதிப்புள்ளது. நீர்ச் சோதனையில் 22 காரட்டின் அடர்த்தி 17.6ஐ ஒட்டி வரும். ஒரு முழுச் சாவரின் தராசில் 0.45 காட்ட வேண்டும்.

எட்டாம் படி: சட்டம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள். வைத்திருப்பது குற்றமில்லை, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, விற்பனையைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். ஐந்தாம் ஜார்ஜின் ஒரு ரூபாய் 1922உடன் நின்றுவிட்டது. ஆகவே நம் வரிசையில் ஆறாம் ஜார்ஜைத் தவிர மற்ற எல்லாம் நூறைத் தாண்டிவிட்டன. கிரேடுக்காக என்றாலும், பார்சலில் போட்டு அமெரிக்காவுக்கு அனுப்ப நினைக்காதீர்கள். கிரேடு ஏற்பாடு செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், காசு நாட்டைவிட்டுப் போகுமா, எந்த அனுமதியில் போகும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜார்ஜ் டவுனில் பழைய வீட்டை இடித்து அடித்தளம் தோண்டும்போது பானை கிடைத்தது என்ற கதையோடு காசு வந்தால் தொடாதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பில் இல்லாமல் ஸ்லாப் வாங்காதீர்கள். பில்லில் சான்று எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: காசிமேட்டுக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

நம் பகுதியில் காசு வைத்திருப்பது கொடைக்கானலில் வைத்திருப்பதுபோல் இல்லை. ஒருபுறம் கடல் உப்பு, மறுபுறம் ஆலைப்புகை. ராயபுரத்தில் திறந்து வைத்த வெள்ளி வெகு விரைவில் மஞ்சள் பூக்கும். மெத்தென்று மணக்கும் பிளாஸ்டிக் உறைகளை எறியுங்கள், அது பி.வி.சி., அதுதான் பச்சைப் பிசுபிசுப்பைக் கசியவிடுகிறது. பாலியஸ்டர் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்ட், செய்தித்தாள், தேக்குப் பெட்டி, வெல்வெட் எதுவும் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஸ்லாபுக்குள்ளும் ஈரம் மெல்லப் போகும், வெள்ளத்தில் மூழ்கினால் நீரே போகும். தரைத்தள பீரோவின் கீழ்த்தட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். தங்கத்துக்கு வங்கி லாக்கர். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான். இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் இல்லை. மதிப்பு அதைத் தாண்டினால் தனிக் காப்பீடு எடுங்கள்.

பத்தாம் படி: கணக்கு நோட்டு

ஒவ்வொரு காசுக்கும் ஒரு பக்கம். வாங்கிய நாள், இடம், விலை, எடை, நீர்ச் சோதனை எண், சான்று எண், இரு பக்கப் படம். விற்கும் நாளில் இந்த நோட்டு காசோடு சேர்ந்து பேசும். முதல் ஆண்டில் மூன்று காசுக்கு மேல் வாங்காமல் இருந்தால் நோட்டும் நேராக இருக்கும், கடனும் வராது.

நோட்டின் முதல் பக்கத்தை வீட்டாருக்காக ஒதுக்குங்கள். நம் கண் மூடிய மறுவாரமே யாராவது ஸ்லாபை உடைத்து, காசை வெளியே எடுத்து, பூஜை அறைக்குக் கொண்டுபோகக்கூடும். என்னுடைய முதல் பக்கத்தில் எந்த ஏல நிறுவனத்தைக் கேட்பது, பில்கள் எங்கே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே, என் மகள் சிவப்புப் பேனாவால் எழுதிய வரி: 'புளி வேண்டாம்'. துலக்கிய ஒன்பது ரூபாய்களும் அதே மூக்குப்பொடி டப்பாவில்தான் இருக்கின்றன. மூப்பு ஏறி, இப்போது மெல்லக் கறுக்கத் தொடங்கியிருக்கின்றன.